அட்டையும் தத்துவார்த்த சூத்திரமும்

தசலட்சண பர்வத்தின் பத்து நாள்களிலும் நாளுக்கோர் அத்தியாயமாகத் தத்துவார்த்த சூத்திரம் படிக்கப்பெறுவதை வாசகர்கள் அறிவர். ஆசாரியர் உமாஸ்வாமி அருளிய இந்நூல் நம் மரபின் பாடத்தில் 357 சூத்திரங்களே கொண்டது. வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் ஜினாலயத்தில் பலரும் கூடியிருந்து கேட்பர். நாமோ நீலகிரியில், கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றிய ஆண்டுகளில், தனியே விளக்கருகில் அமர்ந்து படித்தோம்.

அது தென்மேற்குப் பருவமழைக் காலம். அப்பக்கத்தில் அட்டை மிகுதி. பள்ளியிலிருந்து திரும்பியதும், வாயிற்படியில் வைத்திருந்த கிண்ணத்து உப்பை எடுத்துக் காலில் ஒட்டியவற்றின்மீது தூவுவோம். அவை சுருண்டு விழும். பின்னர்க் கைகால் கழுவி, தூய ஆடை உடுத்து, நூலைத் திறப்போம். பல ஆண்டுகள் இவ்வாறே நடந்தது.

ஓராண்டு, ஆசிரியர் பயிற்சிக்கென வந்து நம்முடன் தங்கியிருந்த மாணவி இரண்டாம் அத்தியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மா, அட்டைக்கு எத்தனை அறிவு?” என்றாள். “இரண்டு” என்று உடனே விடை பகர்ந்தோம். அதன் பிறகுதான் உப்புக் கிண்ணம் நம் கண்ணில் பட்டது.

அவ்வத்தியாயம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. நிலம், நீர், தீ, காற்று, மரஞ்செடி ஆகியவை தொடு உணர்வு மட்டுமே உடையவை. புழுவுக்குச் சுவையும், எறும்புக்கு நாற்றமும், வண்டுக்குப் பார்வையும், மனிதர்க்குச் செவியும் ஒவ்வொன்றாய்க் கூடும். தொல்காப்பிய மரபியலும் எறும்பை மூன்றிலும் தும்பியை நான்கிலும் வைக்கிறது. மனத்தையும் சேர்த்து மனிதர்க்கு ஆறு என்பது அதன் கணக்கு. (தொல்காப்பியரின் சமயம் எது என்னும் வழக்கில் நாம் இறங்கவில்லை.)

ஏழாம் அத்தியாயம் நம்மை இன்னும் நெருக்கியது. இல்லறத்தாரின் அணுவிரதத்தைப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் விளக்குமிடத்து, இயங்குயிர்களைக் கொல்லாமையே அவர்க்குரிய முதல் விரதம் என்கிறார். ஆகவே தேயிலைக் கொழுந்து அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அட்டையோ இயங்குயிர் வரிசையின் முதற்படியிலேயே இருக்கிறது! மேலும், அசட்டையால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்று அதே அத்தியாயம் இலக்கணம் வகுக்கிறது. நம் செயலில் சினமில்லை, பகையுமில்லை. எனினும், கை தானாகக் கிண்ணத்துக்குப் போயிற்றே, அதற்கு வேறென்ன பெயர் இடுவது? இச்சூத்திரத்தைப் பலமுறை ஓதியிருந்தோம். ஒருமுறையும் நம் வாயிற்படியோடு சேர்த்துப் படித்ததில்லை.

உப்பு அட்டையின் உடல்நீரை வெளியேற்றிக் கொல்கிறது. கொல்லாமலும் அதனை நீக்கலாம். கடித்த இடத்தில் விரல் நகத்தைத் தோலோடு ஒட்டிச் செலுத்தினால் பிடி விட்டுவிடும். எடுத்து ஈரப்புல்லில் விடலாம். எவ்வாறு நீக்கினும் குருதி சற்று நேரம் கசியத்தான் செய்யும். அது உமிழ்நீரிலுள்ள ஒரு பொருளின் வேலை. மறுநாளே கிண்ணம் சமையலறைக்குப் போயிற்று. மாணவியும் நகத்தால் எடுக்கப் பழகினாள், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இதனைச் சொல்ல மட்டும் நமக்கு நா எழவில்லை. அவர்கள் புகையிலையும் சுண்ணாம்பும் காலில் தடவிக்கொண்டு மழையில் இறங்குபவர்கள். மாலையில் கொழுந்து எடைக்கு நிற்க வேண்டியவர்கள். நின்று நகத்தால் எடு என்று அவர்க்குச் சொல்பவர் ஒருநாளேனும் அந்நிரைகளில் பறித்தவராயிருத்தல் வேண்டும். நாம் பறித்ததில்லை.