மாவுக்கட்டும் வீட்டாரின் தொழுகையும்

கடந்த ஷவ்வால் மாதம் மீமிசலில் நம் வீட்டில் ஒரு சோதனை நேர்ந்தது. ஒன்பது வயதான நம் இரண்டாவது மகன் கொடுக்காப்புளி மரத்திலிருந்து விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக் கொண்டான். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, விரல்கள் மட்டும் வெளியே தெரிய முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கால் தரையில் ஊன்றக் கூடாதென்று சொல்லி அனுப்பினார். அந்த ஆறு வாரத்தில் நம்மிடம் கேட்கப்பட்டவற்றையும், கிதாபுகளில் உள்ள விளக்கத்தையும், நாமே தவறிய ஓரிடத்தையும் வாசக நேயர்களுக்குப் பயன்படுமென்று எழுதுகிறோம்.

பார்க்க வந்தவர்களில் பலர், "ஹஜ்ரத், கட்டுப் பிரிக்கிற வரைக்கும் புள்ளையைத் தொழச் சொல்லாதீங்க, பாவம்" என்றனர். பாலிகு ஆகாத பிள்ளைக்குத் தொழுகை கடமையல்ல என்பது உண்மையே. ஆனால் ஏழு வயதில் ஏவுவதும், பத்து வயதில் கண்டிப்பதும் பெற்றோர் மீதுள்ள பொறுப்பு. நோய் வந்தால் நிற்பதுதான் மன்னிக்கப்படுகிறதே தவிர, தொழுகை நீங்கி விடுவதில்லை. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி இதுவே: நின்று தொழுக; இயலாவிட்டால் உட்கார்ந்து; அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து. நாயகம் (ஸல்) அவர்களும் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டு, அறையிலேயே உட்கார்ந்து தொழுதார்கள் என்று ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. நம் மகனுக்கு இந்தச் சம்பவத்தைச் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அவங்களுக்கும் வலிச்சிருக்குமா அத்தா?" என்பதுதான்.

இனி உளூவுக்கு வருவோம். முறிந்த இடத்தில் வைத்துக் கட்டும் சிம்புக்கும் கட்டுக்கும் ஃபிக்ஹு கிதாபுகளில் 'ஜபீரா' என்று பெயர். இன்றைய மாவுக்கட்டும் அதே சட்டத்தில் அடங்கும். அவிழ்த்தால் தீங்கு உண்டென்று நம்பத் தகுந்த மருத்துவர் சொன்னால் அவிழ்க்கக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு மூன்று காரியங்கள் உண்டு: வெளியே தெரியும் நல்ல பாகத்தைக் கழுவுவது, கட்டின் மீது ஈரக் கையால் மஸ்ஹு செய்வது, அத்துடன் தயம்மும் செய்வது. காலைக் கழுவ வேண்டிய முறை வரும்போது இவற்றைச் செய்ய வேண்டும். அடுத்த பர்ளு தொழுகைக்குத் தயம்முமை மறுபடி செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் மஸ்ஹு மட்டும் போதும், தயம்மும் தேவையில்லை.

உளூவில் காலின் எல்லை கணுக்கால் வரைதான். ஆகவே முழங்கால் வரை கட்டை நனைக்க வேண்டியதில்லை. தண்ணீரை ஊற்றினால் மாவுக்கட்டு இளகிக் கெட்டு விடும். கையைப் பிழிந்தாற்போல் ஈரமாக்கித் தடவினால் போதுமானது. தயம்முமுக்கு நம் கரையோரத்துக் கடல் மணலை அள்ளி வைக்கிறார்கள். நம் மத்ஹபில் புழுதி ஒட்டாத வெறும் மணல் கூடாது. சுத்தமான செம்மண் தூளை ஒரு தட்டில் போட்டுக் கட்டிலருகே வைத்து விட்டோம். விரல்களைக் கழுவும்போதெல்லாம் அவற்றை உற்றுப் பார்த்துக் கொள்வதும் நல்லது. விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப் போனாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு இன்னொரு விஷயம். கட்டுப் போடும் நேரத்தில் உளூ இல்லாமலிருந்தால், ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொல்லின்படி, அந்தக் கட்டோடு தொழுத தொழுகைகளைப் பின்னர் மீட்டித் தொழ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அந்த நிபந்தனை இல்லை. அடிபட்டுத் துடிப்பவருக்கு உளூவின் நினைவு எங்கே வரும்? உடன் போகிறவர்தான் நினைவூட்ட வேண்டும்.

நம் தாயார் வேறொரு விதமாகக் கலங்கினார்கள். காலை நீட்டியே பிள்ளை உட்கார வேண்டியிருந்ததால், அது கிப்லாவின் பக்கம், அதாவது நம் ஊருக்கு மேற்கிலிருந்து சற்று வடக்கே, நீண்டிருந்தது. "கிப்லாவுக்கு நேரா காலை நீட்டுறானே" என்று கண் கலங்கி விட்டார்கள். உட்காரவே இயலாமல் மல்லாந்து படுத்துத் தொழும் நோயாளிக்குப் பாதங்கள் கிப்லாவை நோக்கி இருக்க, தலையைச் சற்று உயர்த்தி வைக்கும்படி நம் இமாம்களே எழுதியிருப்பதை எடுத்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்கள்.

இவ்வளவு மஸ்அலா சொன்ன நாம் ஒன்றைக் கவனிக்கவில்லை. தட்டில் மண் வைப்பதும், தண்ணீர் கொண்டு வருவதும், பிள்ளையைக் கழுவி உடை மாற்றித் தூக்கி உட்கார வைப்பதும், அண்ணனுக்கு மட்டும் பழமா என்று அழும் சின்னவனைத் தேற்றுவதும் எல்லாம் நம் வீட்டார் ஒருவர் தலையிலேயே விழுந்தன. நாம் அஸருக்குப் பள்ளிக்குப் போனால், பாடம் முடித்து இஷாவுக்குப் பின்தான் திரும்புவோம். பத்தாம் நாள் இரவு அவர் மெதுவாகச் சொன்னார்: "என்னங்க, இன்னைக்கு எனக்கு அஸர் களாவாயிடுச்சு. புள்ளைக்கு உள்ள சலுகையெல்லாம் சொன்னீங்க. எனக்கு ஏதும் இருக்கா?"

அவர் நேரத்தை விடுவதற்குச் சலுகை எதுவும் இல்லை. சலுகை நமக்குத்தான் இருந்தது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், ஜமாஅத்தை விடுவதற்குரிய காரணங்களின் வரிசையில் இது உண்டு: கவனிக்க ஆளில்லாத நோயாளியைப் பார்த்துக் கொள்வது, ஆள் இருந்தாலும், உறவினரான நோயாளி இவர் அருகிலிருப்பதால் ஆறுதல் பெறுவாரானால் அதுவும். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இந்த வரியை ஓதிக் கொடுத்து வருகிறோம். நம் வீட்டு வாசலுக்குள் அது வந்ததில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலையில் இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததையும் மிம்பரில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம்.

மறுநாள் முதல் அஸர் பாடத்தை ஸுப்ஹுக்குப் பின் மாற்றினோம். அஸரையும் மஃரிபையும் வீட்டிலேயே ஜமாஅத்தாகத் தொழுதோம். உட்கார்ந்து தொழுபவருக்கு அவர் அமரும் இடத்தைக் கொண்டே வரிசை கணக்கிடப்படும் என்பதால், கட்டிலை நமக்குப் பின்னே மூத்தவன் நிற்குமிடத்திற்கு இணையாக இழுத்துப் போட்டோம். நம் தாயாரும் மனைவியும் அவர்களுக்குப் பின்னே நின்றார்கள். பிள்ளையைக் கழுவி உளூச் செய்விக்கும் வேலையும் நம்முடையதாயிற்று. நம் கை முதலில் அவனுக்கு வலித்தது. நாலைந்து நாளில் பழகிக் கொண்டது.

ஒருநாள் இரண்டு ஸஜ்தாக்களுக்கிடையே நாம் ஓதிய 'வஜ்புர்னீ' என்ற சொல் அவன் காதில் விழுந்திருக்கிறது. ஸலாம் கொடுத்ததும், "அத்தா, ஜபீரா ஜபீரான்னு சொல்றீங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று கேட்டான். ஒரே மூலச்சொல்தான், உடைந்ததைச் சேர்த்துத் தா என்று ரப்பிடம் கேட்கிறோம் என்றோம். கட்டுப் பிரித்து இப்போது பள்ளிக்கு நடந்தே வருகிறான். அந்த ஒரு சொல்லை மட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி ஓதுகிறான். நாம் இன்னும் தடுக்கவில்லை.