பாதுகாப்புச் சான்றிதழும் தானியங்கிப் புதுப்பிப்பும்

வங்கியின் இணையதளத்தைத் திறந்து கடவுச்சொல்லை உள்ளிடும் வாடிக்கையாளர் இரண்டு செய்திகளை நம்பியே அதைச் செய்கிறார். திரையில் தெரிவது உண்மையிலேயே தம் வங்கியின் தளம்தான் என்பது ஒன்று. தாம் உள்ளிடும் எழுத்துகளை இடைவழியில் எவரும் படிக்க இயலாது என்பது மற்றொன்று. இவ்விரு நம்பிக்கைகளுக்கும் அடிப்படையாக விளங்குவது 'பாதுகாப்புச் சான்றிதழ்' எனப்படும் ஒரு சிறிய மின்னணு ஆவணமாகும். பற்று அட்டைக்குக் காலாவதித் தேதி இருப்பதுபோல இச்சான்றிதழுக்கும் உண்டு. அத்தேதியைத் தவறவிட்டதால் உலகின் பெரிய நிறுவனங்கள் சில பேரிழப்பைச் சந்தித்துள்ளன. அந்த மறதிக்கு இடமளிக்காமல் சான்றிதழ் பெறுவதையும் புதுப்பிப்பதையும் கணினியே செய்து முடிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சொந்தமாக இணையதளம் வைத்துள்ள வணிக வாடிக்கையாளர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஏனையோருக்கு, எச்சரிக்கைத் திரை தோன்றும்போது என்ன செய்யவேண்டும் என்பதைத் தெளிவாக்கும்.

சான்றிதழில் என்ன உள்ளது?

ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் இரண்டு திறவுகோல்களை வைத்திருக்கிறது. ஒன்று எவரும் காணத்தக்க பொதுத் திறவுகோல். மற்றொன்று தளத்தின் சர்வரிலேயே காக்கப்படும் தனித் திறவுகோல். 'இந்தப் பொதுத் திறவுகோல் இந்த இணையப் பெயருக்கு உரியது' என்று மூன்றாம் தரப்பு ஒன்று கையொப்பமிட்டு அளிக்கும் உறுதியே சான்றிதழ். அந்த மூன்றாம் தரப்பைச் சான்றளிப்பு நிறுவனம் என்பர். எந்தெந்தச் சான்றளிப்பு நிறுவனங்களை நம்பலாம் என்ற பட்டியல் நம் கைப்பேசியிலும் உலாவியிலும் முன்கூட்டியே பதியப்பட்டுள்ளது. வங்கிக் கிளையில் மாதிரிக் கையொப்பத்தோடு காசோலையின் கையொப்பத்தை ஒப்பிடுவதுபோல, உலாவி ஒவ்வொரு முறையும் சான்றிதழின் கையொப்பத்தையும் பெயரையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. மூன்றில் ஒன்று பொருந்தாவிடினும் எச்சரிக்கைத் திரையைக் காட்டுகிறது.

மறதியின் விலை

2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் கைப்பேசிச் சேவையைப் பயன்படுத்திய கோடிக்கணக்கானோருக்கு இணையத் தொடர்பு அற்றுப்போனது. அதே நாளில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் சேவையும் பாதிக்கப்பட்டது. காரணத்தை ஆராய்ந்தபோது, இரண்டிலும் பயன்பட்ட எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகியிருந்தது தெரியவந்தது.

இதனினும் பெரிய பாடம் 2017இல் அமெரிக்காவில் கிடைத்தது. கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸின் கணினிகளுக்குள் மென்பொருள் குறைபாடு ஒன்றின் வழியே ஊடுருவியவர்கள், இரண்டு மாதங்களுக்கும் மேலாகத் தகவல்களை எடுத்துச் சென்றனர். வெளியே செல்லும் தகவல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவி அந்நிறுவனத்திடம் இருந்தது. ஆயினும் அக்கருவிக்குரிய சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்ததால், மறையாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்தை அதனால் பார்க்க இயலவில்லை. ஜூலை இறுதியில் புதிய சான்றிதழைப் பொருத்தியவுடனேயே ஐயத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயிருந்தன.

இந்நிகழ்வுகளில் எவரும் சான்றிதழ் வாங்கப் பணமின்றித் தவறவிடவில்லை. தேதி எங்கோ ஒரு பட்டியலில் இருந்தது. பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்கவேண்டியவர் யார் என்பதே வரையறுக்கப்படவில்லை.

காலாவதியே இல்லாமல் வழங்கினால் என்ன?

இக்கேள்வி இயல்பாக எழும். காசோலையின் செல்லுபடிக் காலத்தை இந்திய ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்ததை வாடிக்கையாளர்கள் அறிவர். நெடுங்காலம் உயிரோடு உலவும் ஆவணம் தவறாகப் பயன்படுத்தப்பட வாய்ப்பு மிகுதி என்பதே அதன் உட்கருத்து. சான்றிதழுக்கும் இது பொருந்தும்.

2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டர் என்னும் சான்றளிப்பு நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், கூகுள் உள்ளிட்ட பெயர்களுக்குப் போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியோரை ஒற்றறிய அவை பயன்பட்டன. உலாவிகள் அந்நிறுவனத்தைத் தம் பட்டியலிலிருந்து நீக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் அது திவாலானது. இந்தியாவிலும் 2014 ஜூலையில், தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பிலிருந்து கூகுளின் சில பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது கண்டறியப்பட்டு, அவற்றுக்கு அடிப்படையான சான்றிதழ்கள் உடனடியாக ரத்து செய்யப்பட்டன.

ரத்து செய்யும் வசதி இருக்கும்போது காலவரையறை எதற்கு? காசோலைக்குக் கொடுப்பு நிறுத்தம் கோரினால், அதைப் பணமாக்க முயலும்போது வங்கி தன் பதிவேட்டைப் பார்த்தால்தான் அது பயன் தரும். உலாவிகளோ ரத்துப் பட்டியலை எல்லா நேரத்திலும் பார்ப்பதில்லை; பார்க்க முயன்று விடை கிடைக்காதபோது பெரும்பாலும் தளத்தை அனுமதித்துவிடுகின்றன. காலாவதித் தேதியோ சான்றிதழுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காண எங்கும் கேட்டறிய வேண்டுவதில்லை. ஆகவே, குறுகிய ஆயுளே உறுதியான காப்பு என்ற முடிவுக்குத் துறை வந்துசேர்ந்தது.

சான்றளிப்பு நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் கூடி விதிகளை வகுக்கும் மன்றம் 2018இல் உச்ச ஆயுளை 825 நாளாக வரையறுத்தது. 2020 செப்டம்பர் முதல் உலாவி நிறுவனங்களின் விதிகளால் அது 398 நாளாயிற்று. 2025 ஏப்ரலில் மன்றம் ஏற்ற தீர்மானப்படி, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என உச்ச ஆயுள் படிப்படியாகக் குறைகிறது. 50 இணையப் பெயர்களை வைத்துள்ள ஒரு நிறுவனம் முன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 முறை புதுப்பித்திருந்தால், 47 நாள் விதியில் ஏறத்தாழ 400 முறை புதுப்பிக்கவேண்டியிருக்கும். இதைக் கையால் செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது. தானியக்கம் இங்கே கட்டாயமாகிவிடுகிறது.

கணினியே விண்ணப்பிக்கும் முறை

இத்துறையில் திருப்புமுனையை உண்டாக்கியது 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் சான்றளிப்பு நிறுவனம். இணையப் பாதுகாப்பு ஆய்வுக் குழுமம் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு இதை நடத்துகிறது. 2015 செப்டம்பரில் தன் முதல் சான்றிதழை வழங்கிய இது, அவ்வாண்டு டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை. ஆயுள் 90 நாள். இதற்கென உருவான 'ஆக்மி' என்னும் நெறிமுறை 2019 மார்ச்சில் இணையத் தரமாக வெளியிடப்பட்டது. கட்டணம் பெறும் சான்றளிப்பு நிறுவனங்கள் பலவும் இதே நெறிமுறையை ஏற்றுள்ளன. அதன் படிகள் வருமாறு:

1. தளத்தின் சர்வரில் ஒரு சிறு நிரல் நிறுவப்படுகிறது. 'செர்ட்பாட்' அவற்றுள் பெயர் பெற்றது. அது சான்றளிப்பு நிறுவனத்தில் ஒரு கணக்கைத் தொடங்குகிறது.

2. எந்தப் பெயருக்குச் சான்றிதழ் வேண்டும் என்று நிரல் கோருகிறது. பெயர் உண்மையில் அவர் வசம் உள்ளதா என அறிய, முன்கூட்டி ஊகிக்க இயலாத ஓர் எழுத்துத் தொடரைச் சான்றளிப்பு நிறுவனம் அனுப்புகிறது.

3. நிரல் அத்தொடரிலிருந்து உருவாகும் விடையைத் தளத்தின் குறிப்பிட்ட ஒரு முகவரியில் வைக்கிறது. அல்லது அப்பெயரின் டிஎன்எஸ் பதிவேட்டில் சேர்க்கிறது. தளத்தைக் கட்டுப்படுத்துபவரன்றி வேறொருவரால் இதைச் செய்ய இயலாது என்பதே சோதனையின் அடிப்படை.

4. சான்றளிப்பு நிறுவனம் உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து அந்த விடையைப் பார்த்துச் சரிபார்க்கிறது. ஓரிடத்தில் வழியை மாற்றி ஏமாற்றினாலும் ஏனைய இடங்களில் அது வெளிப்பட்டுவிடும்.

5. நிரல் புதிய திறவுகோல் இணையை உருவாக்கிப் பொதுத் திறவுகோலை மட்டும் அனுப்புகிறது. தனித் திறவுகோல் சர்வரை விட்டு வெளியேறுவதில்லை. கையொப்பமிட்ட சான்றிதழ் திரும்பி வந்ததும் நிரல் அதைப் பொருத்துகிறது.

6. அதன்பின் நிரல் நாள்தோறும் தேதியைப் பார்க்கிறது. 90 நாள் சான்றிதழாயின், 30 நாள் மீதமிருக்கும்போதே புதுப்பிப்பைத் தொடங்குகிறது. முதல் முயற்சி தோற்றாலும் மீண்டும் முயல ஒரு மாத அவகாசம் இருக்கிறது.

நிலையான வைப்புத்தொகையை முதிர்வில் தானாகப் புதுப்பிக்குமாறு நாம் எழுதிக் கொடுப்பதை இது ஒத்திருக்கிறது. ஒரு முறை அளித்த அறிவுறுத்தல், நம் நினைவாற்றலை நம்பியிராமல் தொடர்ந்து செயல்படுகிறது.

தானியக்கத்துக்கும் மேற்பார்வை தேவை

தானாக நடக்கும் என்பதாலேயே தவறாமல் நடக்கும் எனக் கொள்ளலாகாது. சர்வரை மாற்றும்போது நிரலை மறந்துவிடுவதுண்டு. பாதுகாப்புச் சுவரின் விதியொன்று மாறி, சரிபார்ப்பு நுழைய முடியாமல் போவதுண்டு. புதிய சான்றிதழ் வந்து சேர்ந்தும், சர்வர் மென்பொருள் அதை மீளப் படிக்காமல் பழையதையே காட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டதால், தனியே ஒரு கண்காணிப்பு ஏற்பாடு இன்றியமையாததாகிறது.

தானியக்கத்தின் வலிமையை 2020 மார்ச்சில் காண முடிந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் தன் மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டறிந்து, ஏறத்தாழ 30 லட்சம் சான்றிதழ்களை ரத்து செய்யவேண்டிய நிலைக்கு ஆளானது. 48 மணி நேரத்துக்குள் அவற்றுள் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவை மாற்றப்பட்டன. படிவமும் அஞ்சலும் தொலைபேசியுமாக நடந்திருந்தால் இது நினைத்துப் பார்க்கவும் இயலாத வேகமாகும்.

வணிக வாடிக்கையாளர்களின் கவனத்திற்கு

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இணையவழி ஜவுளிக் கடையொன்றின் சான்றிதழ் காலாவதியாகிறது எனக் கொள்வோம். சரக்கு உண்டு, விளம்பரம் உண்டு. ஆனால் தளத்தைத் திறக்கும் ஒவ்வொருவரும் காண்பது எச்சரிக்கைத் திரையை மட்டுமே. வந்தவர் திரும்பிச் செல்வார். அவர் மீண்டும் வருவார் என்பதற்கு உறுதியில்லை. இந்நிலையைத் தவிர்க்கப் பின்வருவனவற்றை இன்றே சரிபார்த்தல் நலம்.

• உங்கள் தளத்தைப் பராமரிப்பவரிடம், சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என எழுத்து மூலம் கேட்டறியுங்கள்.

• முதன்மைப் பெயர் மட்டுமன்றிப் பணம் செலுத்தும் பக்கம், மின்னஞ்சல் சர்வர் முதலிய துணைப் பெயர்கள் அனைத்தையும் பட்டியலிடுங்கள். மறக்கப்படுவது பெரும்பாலும் துணைப் பெயரே.

• அறிவிப்புகள், பணியிலிருந்து விலகிய ஊழியரின் மின்னஞ்சலுக்குச் செல்லாமல் நிறுவனத்தின் பொது மின்னஞ்சலுக்கு வருமாறு செய்யுங்கள்.

• இணையப் பெயரின் பதிவுக் கட்டணம் வேறு, சான்றிதழ் வேறு. பெயரின் பதிவு காலாவதியானால் தானியங்கிப் புதுப்பிப்பும் நின்றுவிடும்.

• 20 நாளுக்குக் குறைவாக ஆயுள் மீதமிருந்தால் எச்சரிக்கும் கண்காணிப்பை, தளம் இயங்கும் சர்வருக்கு வெளியே அமைக்கச் செய்யுங்கள். சான்றிதழின் ஆயுள் குறையும்போது இந்த எண்ணையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளவேண்டும்.

அனைத்து வாடிக்கையாளர்களின் கவனத்திற்கு

எச்சரிக்கைத் திரை தோன்றினால், 'தொடர்க' என்னும் தெரிவை அழுத்தி உள்ளே செல்லாதீர்கள். முதலில் உங்கள் கருவியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். கருவியின் தேதி பிழையாக இருந்தாலும் இத்திரை தோன்றும். பொது வைஃபையில் இருந்தால் அதை விடுத்து உங்கள் கைப்பேசியின் இணைய இணைப்பில் முயலுங்கள். அப்போதும் எச்சரிக்கை நீடித்தால், பற்று அட்டையின் பின்புறமோ சேமிப்புக் கணக்குப் புத்தகத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணில் வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள்.

இதன் மறுபக்கமும் நினைவில் நிற்கவேண்டும். எச்சரிக்கை வரவில்லை என்பதால் மட்டுமே ஒரு தளம் நேர்மையானது ஆகிவிடாது. ஆக்மி முறையில் சரிபார்க்கப்படுவது பெயர் எவர் வசம் உள்ளது என்பதே. அவரது நோக்கம் அன்று. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் அமைப்பவரும், அந்தப் போலிப் பெயருக்குச் செல்லத்தக்க சான்றிதழைப் பெற்றுவிட முடியும். குரோம் உலாவி 2023இல் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுக் குறியை நீக்கியதும், அக்குறியை மக்கள் நேர்மைக்கு அடையாளமாகத் தவறாகக் கருதியதாலேயே. ஆகவே பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பதற்கு மாற்று இல்லை. இதற்கு உதவியாகவே, இந்திய வங்கிகள் அனைத்தும் தம் தளங்களை 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க்.இன்' என முடியும் பெயருக்கு மாற்றவேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. இப்பெயர் வங்கிகளுக்கு மட்டுமே அளிக்கப்படுகிறது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தாமதமின்றி வங்கிக்கும், 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

தேதியை நினைவில் வைத்துச் சான்றிதழைப் புதுப்பிக்கும் பணியைக் கணினியிடம் ஒப்படைக்கலாம். முகவரியில் உள்ள பெயரைப் படித்து, இது நாம் நாடிவந்த இடம்தானா எனத் தெளியும் பணி மட்டும் என்றும் நம்முடையதே.