சவர்க்காரமும் சித்திரமும்

கேள்வி: சன்லைட் சவர்க்காரம் தந்த லீவர் பிரபு, அரசியல்வாதியும் கலைப்பொருள் சேகரித்தவருமாமே? எங்கடை ஆட்களிலும் அப்படி யாரும் உண்டா?
– வாசகர், அளவெட்டி

பதில்: உண்மைதான். 1906 முதல் 1909 வரை இங்கிலாந்தின் விர்ரல் தொகுதி எம்.பி.யாக இருந்த லீவர், மனைவியின் நினைவாக அமைத்த கலைக்கூடம் 1922இல் திறக்கப்பட்டது. சவர்க்காரம் விற்ற காசு, சித்திரமாய்ச் சுவரில் தொங்குகிறது!

எங்கடை ஆட்களில் அரசியல் தகப்பனுக்கு, சேகரிப்பு மகனுக்கு. சட்டசபை உறுப்பினர் முத்து குமாரசுவாமி 1874இல் சேர் பட்டம் பெற்றார். மகன் ஆனந்த குமாரசுவாமி கல்லையும் மண்ணையும் ஆராய இலங்கை வந்து, கலையில் கரைந்துபோனார். ராஜபுத்திர ஓவியங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்.

இந்தியாவில் அருங்காட்சியகம் கட்டினால் கொடுக்கிறேன் என்றார், எவரும் முன்வரவில்லை. வெட்கக்கேடு! 1917இல் அவை பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. பின்னாலேயே அவரும் போனார், காப்பாளராக.