அப்பாவின் 75: விடுபட்ட கல்வெட்டை இப்போது எழுதலாமா?

கேள்வி: 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர் என் அப்பா. 2009 மாசியில், இடம்பெயர்ந்து போகும் வழியில், வருத்தத்தால் இறந்தார். அடக்கம் செய்த இடம்கூட இப்போது தெரியாது. அந்தியேட்டியும் இல்லை, கல்வெட்டு என்கிற நினைவு மலரும் இல்லை. வருகிற மாதம் அவருக்கு 75 வயது நிறைந்திருக்கும். அப்போதே கனடாவிலிருந்த அண்ணா, கேக் வெட்டி வீடியோவில் எல்லோரும் சேருவோம் என்கிறார். 'செத்தவருக்கு என்ன பிறந்தநாள், திவசம் போதும்' என்று அம்மா கோபிக்கிறா. யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, தருமபுரம், கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, பிதிர்க்கடன் விடயத்தில் அம்மா சொல்வதே சரி. அது திதிக்கும் ஆடி அமாவாசைக்கும் உரியது. ஆனால் அண்ணாவைத் தட்டிவிடாதீர்கள். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத பிள்ளை அவர்.

என் யோசனை, விடுபட்ட கல்வெட்டைப் பிறந்தநாளுக்கு எழுதி முடியுங்கள். இறந்து 31ஆம் நாள் கொடுப்பதுதான் வழக்கம். 2009இல் வன்னியில் எத்தனை வீடுகளுக்கு அந்த 31ஆம் நாள் வாய்த்தது? ஒவ்வொரு மே 18இலும் முள்ளிவாய்க்காலில், அந்தப் போர்க்காலத்தில் இறந்தவர்களின் சாவை நினைத்து அழுகிறோம், அழத்தான் வேண்டும். அதற்கு முன் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை யார் எழுதுவது?

கல்வெட்டு படித்தவருக்கும் பணக்காரருக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தார், யாரோடு வந்தார், முதல் கொட்டிலை எங்கே போட்டார், யாருடைய வயலில் கூலிக்கு நின்றார், முதல் காலபோகத்துக்கு விதைநெல் கொடுத்தது யார்? இது வன்னியின் வரலாறு. 'அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ' என்று கேட்டால் அம்மா அழுவா, இல்லாவிட்டால் 'நல்ல மனுசன்' என்று முடித்துவிடுவா. மேலே சொன்னதைப்போல ஒவ்வொன்றாகக் கேட்டு, போனில் பதிவு செய்யுங்கள்.

வம்சாவளியைக் கவனமாக எழுதுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போன உறவுகள் இருந்தால் அவர்களுடைய பெயர்களும் வரவேண்டும். அடுத்த தலைமுறைக்கு அதைச் சொல்ல ஆளிருக்காது. படம் இல்லையென்றால் தோட்டத்து உறவினரின் கலியாணப் படங்களில் தேடச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் தேவாரம் போடுங்கள். காசு கொடுத்து வெண்பா எழுதுவிக்க வேண்டாம். அம்மாவின் பேச்சு அப்படியே வரட்டும்.

அச்சுச் செலவை அண்ணா ஏற்கட்டும். வீடியோவில் சேரும்போது அம்மா சொன்னதை அவரே வாசிக்கட்டும். அப்பாவின் பெயரில் சிறுவர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுப்பதானால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பனர் கட்டி, பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கும் மானம் உண்டு.

ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. தெரிந்தவற்றைச் சொல்ல அம்மா இருக்கும்போதே, இந்தக் கிழமையே தொடங்கிவிடுங்கள்.