மூடாத கணனியும் தொலைந்த பட்டியலும்

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து, உயர்தரம் படித்த பிள்ளை ஒருத்தி ஒரு மாலைப் பொழுதில் உரப்பையில் எதையோ சுமந்துகொண்டு எம்மிடம் வந்தாள். உள்ளே இருந்தவை கணனிப் பெட்டியும் பழைய அச்சுப்பொறியும். கொழும்பில் கடைவேலை பார்க்கும் அண்ணன் வாங்கி அனுப்பியவை.

"சாமி, ஷட் டவுன் கொடுத்தா சுத்திக்கிட்டே இருக்கு. நிக்கவே மாட்டேங்குது. அதனால ராத்திரியில சுவர் சுவிட்ச நிப்பாட்டிட்டுப் படுத்துருவோம்" என்றாள்.

இரண்டு மாதங்களாக இப்படியே நடந்திருக்கின்றது. அன்று காலை கணனி இயங்கியது. ஒரு கோப்பு மட்டும் திறக்க மறுத்தது. அது அவளுடைய பாடக்குறிப்பு அல்ல. அயல் லயங்களில் ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியல். செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தால், உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியைப் பெற எத்தனை அலைச்சல் என்பதை வாசகர் அறிவர். அந்த வேறுபாடுகளை ஒவ்வொரு வீடாகக் கேட்டு அவள் பதிந்து வைத்திருந்தாள்.

கணனியைச் சரியாக நிறுத்துவது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் அதில் எவ்வளவு தங்கியிருக்கின்றது என்பதை அன்று நாம் கண்டோம்.

நிறுத்தும்போது என்ன நடக்கின்றது?

மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுப்பதை நினைத்துப் பாருங்கள். தராசில் எடை பார்த்தாயிற்று. கணக்கப்பிள்ளை அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவர் விளக்கை அணைத்துவிட்டால், எடை பார்த்தது உண்மை. ஆனால் புத்தகத்தில் அது இல்லை, அல்லது பாதி எழுத்தாக இருக்கும்.

கணனியும் இப்படியே. நாம் தட்டச்சு செய்வது முதலில் தற்காலிக நினைவகத்தில் இருக்கின்றது. மின்சாரம் போனால் அது அழிந்துவிடும். வன்தட்டில் எழுதப்பட்டதே நிலைக்கும். ஷட் டவுன் கொடுத்ததும் விண்டோஸ் ஒவ்வொரு மென்பொருளிடமும் "உன் வேலையை முடித்துக்கொள்" என்று கேட்கின்றது. எழுத வேண்டியதை எழுதி முடிக்கின்றது. பின்னரே மின்சாரத்தைத் துண்டிக்கின்றது. ஏதாவது ஒன்று பதில் சொல்லாவிட்டால் எல்லாம் காத்து நிற்கும்.

1995இல் வந்த விண்டோஸ் 95 காலத்துக் கணனிகள் பலவற்றில், "இனி அணைக்கலாம்" என்ற அறிவிப்புத் திரையில் தோன்றும். அதைப் பார்த்து நாமே பொத்தானை அழுத்த வேண்டும். இன்று கணனி தானே அணைகின்றது. அதனால் இடையில் நடக்கும் வேலையை நாம் மறந்துவிட்டோம்.

படிப்படியாகத் தேடுவோம்

1. முதலில் திரையை வாசியுங்கள். 'அப்டேட்' நடப்பதாக எழுதியிருந்தால் கை வைக்க வேண்டாம். ஒரு மணித்தியாலம் சென்றாலும் பொறுத்திருங்கள். ஒரு மென்பொருளின் பெயரைக் காட்டி அது தடுப்பதாகச் சொன்னால், 'கான்சல்' கொடுத்துத் திரும்பிச் சென்று, கோப்பைச் சேமித்து, அதை மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

2. ஒரு மென்பொருள் அசையாமல் நின்றால், கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி 'டாஸ்க் மெனேஜர்' என்பதைத் திறவுங்கள். அங்கே அந்த மென்பொருளை மட்டும் நிறுத்தலாம். அதில் சேமிக்காதவை போய்விடும், மற்றவை தப்பும்.

3. வெளியே பூட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பென் ட்ரைவ், அச்சுப்பொறி, டொங்கிள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றினால் குற்றவாளி எதுவென்று தெரியாது.

4. 2012இல் விண்டோஸ் 8 உடன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி வந்தது. மறுநாள் விரைவாகத் தொடங்குவதற்காக, நிறுத்தும்போதே தன் நிலையின் ஒரு பகுதியை வன்தட்டில் எழுதி வைக்கும். பழைய கணனிகளில் இது சிலவேளை தொல்லை தரும். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக நிறுத்தப்படும். அப்போது ஒழுங்காக நின்றால், கன்ட்ரோல் பெனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்' பகுதிக்குச் சென்று இவ்வசதியை நீக்கிவிடுங்கள்.

5. எதுவும் உதவாவிட்டால் மட்டும், பெட்டியிலுள்ள பவர் பொத்தானை ஏறத்தாழ 10 வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். இதுவும் மின்சாரத்தைத் திடீரென நிறுத்துவதே. ஆகவே இது கடைசி வழி; தினப் பழக்கம் அல்ல.

6. அடுத்த நாள் தொடங்கியதும், முக்கிய கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதி எடுங்கள். அதன் பின்னரே வன்தட்டைச் சோதிக்கும் வசதியை இயக்குங்கள். பழுதுபார்க்கும் வேலையிலும் கோப்புகள் சேதமடையக்கூடும்.

அந்தப் பிள்ளையின் கணனியில் மூன்றாம் படியிலேயே விடை கிடைத்தது. அச்சுப்பொறியின் வயரைக் கழற்றியதும் அரை நிமிடத்தில் அமைதியாக நின்றது. அச்சடிக்கக் கொடுத்து அச்சாகாத கடிதம் ஒன்று வரிசையில் தேங்கியிருந்தது. அதை நீக்கி, அச்சுப்பொறியின் மென்பொருளைப் புதிதாகப் பதிந்தோம். செலவு ஒரு சதமும் இல்லை.

பட்டியலை மீட்க முடியவில்லை. பென் ட்ரைவில் ஒரு மாதத்திற்கு முந்திய பிரதி இருந்தது. அதற்குப் பின் பெயர் கொடுத்தவர்களை அவள் மீண்டும் தேடிப் போனாள். வெளியூருக்குப் போய்விட்டவர்களும் உண்டு. ஓய்வுக்குப் பின்னும் கைக்காசுக்கு மலைக்குப் போகும் ஆச்சி ஒருவர், பத்திரங்களைத் திரும்பவும் காட்டுவதற்காக அன்றைய பேரை இழந்தார். கணனியின் பிழைக்குக் கூலி கொடுத்தது அவர்தான்.

மின்சாரமும் மின்னலும்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் திடீரென மின்சாரம் போனது. நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இப்படி நேரலாம். யூ.பி.எஸ். இருந்தால் சில நிமிடங்கள் கிடைக்கும். அவை சேமித்து நிறுத்துவதற்கான நிமிடங்கள். தொடர்ந்து வேலை செய்வதற்கானவை அல்ல.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் ஊவாவின் மலைகளில் பிற்பகல் இடி மின்னல் அதிகம். வானம் இருளத் தொடங்கும்போதே ஒழுங்காக நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் இடி வந்தபின் கழற்றப் போவது ஆபத்து.

ஊருக்காக எழுதப்படும் எதுவும் ஒரே கணனியில் மட்டும் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் ஒரு பிரதி பென் ட்ரைவில். மாதம் ஒருமுறை ஒரு பிரதி தாளில். இரவு உறங்கப் போகும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னரே வேலையை நிறுத்துங்கள். மூடுவதும் வேலையின் ஒரு பகுதியே.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது ஊர்ச் சங்கத்தின் கணக்குகளும் பட்டியல்களும் எங்கே இருக்கின்றன? அந்தக் கணனி நாளை இயங்காவிட்டால் என்ன செய்வோம்?

2. கணனி பழுதானால் பிள்ளைகளைத் திட்டுகின்றோமா, அல்லது சேர்ந்து காரணத்தைத் தேடுகின்றோமா?

3. மற்றவர்களின் பத்திர விபரங்களை வைத்திருப்பவருக்கு என்ன பொறுப்புகள் உண்டு?