இப்போதைய கைக்கு ஏற்ற ராக்கெட்

கல்லூரியோடு விட்ட டென்னிஸை மறுபடியும் ஆரம்பிக்கப் போகிறேன், என்ன ராக்கெட் வாங்கட்டும் அக்கா என்று கேட்டிருந்தாய். கேட்டதுமே மனசு நிறைந்துவிட்டது, கண்ணு. ஆனால் இந்த மாதம் எதுவும் வாங்காதே. உன் மனதில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது பத்தொன்பது வயதில் நீ ஆடிய ஆட்டம். அது உனக்கு ஞாபகம் இருக்கும், உடம்பு மறந்திருக்கும். முதல் சில வாரங்கள் பந்துக்குத் தாமதமாகப் போய்ச் சேருவாய், ஸ்விங் குறுகியிருக்கும், முக்கால் மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும். அந்தத் தடுமாற்றத்தில் வாங்கினாலும் தப்பாகிவிடும், பழைய நினைப்பில் வாங்கினாலும் தப்பாகிவிடும். நான்கைந்து வாரம் வீட்டில் இருப்பதை வைத்தோ இரவல் வாங்கியோ ஆடு. ஆட்டம் ஓரளவு படியட்டும், அப்புறம் கடைக்குப் போகலாம்.

பரணில் கிடக்கிற பழைய ராக்கெட்டை இறக்கு. கைப்பிடிக்கு மேலே இரண்டாகப் பிரிந்து தலைக்குப் போகிற இடத்தைப் பார். அங்கே குறுக்கே தனியாக ஒரு பிளாஸ்டிக் துண்டு பொருத்தியிருந்தால் பெரும்பாலும் அது அலுமினியம். பலரும் அதில்தான் கற்றுக்கொண்டோம், ஆனால் விட்டுத் திரும்பி வருகிற கைக்கு அது வேண்டாம். முழுவதும் ஒரே வார்ப்பாக இருந்தால் கிராஃபைட். அதற்கு இன்னும் உயிர் இருக்கலாம். தலையைச் சுற்றி நகத்தால் வருடிப் பார். பெயின்ட் உரிந்தது வேறு, விரிசல் வேறு: விரிசல் நகத்தில் தட்டும், இரண்டு பக்கமும் உள்ளங்கை வைத்து அழுத்தினால் வாய் திறக்கும். ஸ்ட்ரிங் நுழைகிற பிளாஸ்டிக் குழல்கள் உதிர்ந்திருந்தால் மாற்றச் சொல். ஸ்ட்ரிங் அறுந்திருக்காவிட்டாலும் இத்தனை வருஷத்தில் செத்துப்போயிருக்கும். வெட்டிவிட்டுப் புதிது போடு, கிரிப்பையும் மாற்று. இந்தச் சின்னச் செலவிலேயே சில பேருக்குத் தேடல் முடிந்துவிடுகிறது.

முடியவில்லை என்றால், அடுத்தது எடை. எல்லோரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். "எனக்கு முழங்கை வலிக்கும், லேசா இருக்கறதா கொடுங்க" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கடையில் தூக்கிப் பார்க்கும்போது 250 கிராம் ராக்கெட் இதமாகத்தான் இருக்கும். கோர்ட்டில் எதிராளி ஓங்கி அடித்த பந்து அதில் பட்டதும் ராக்கெட் பின்னால் தள்ளப்படும், தலை திருகும். அதைத் தடுக்க நீ கைப்பிடியை இறுக்குவாய். அந்த இறுக்கமும் அதிர்வும் போய்ச் சேருவது முழங்கையின் வெளிப்பக்கத்துத் தசைநாருக்கு. ராக்கெட்டில் பளு கொஞ்சம் இருந்தால் அந்த அடியை அதுவே வாங்கிக்கொள்ளும். லேசான ராக்கெட் கைக்கு நல்லது என்பது பாதி உண்மைதான்.

மறுபக்கமும் இருக்கிறது. ஃபெடரர் பெயரில் விற்ற வில்சன் புரோ ஸ்டாஃப் ஆர்எஃப் 97 ஸ்ட்ரிங் போடாமலே 340 கிராம். ஆசையாக அதை வாங்கினால் முதல் செட்டில் அருமையாக இருக்கும். இரண்டாவது செட்டில் கை தளரும், பந்தை உடம்புக்குப் பக்கத்தில் தாமதமாகச் சந்திப்பாய். தாமதமாக அடிக்கிற பேக்ஹேண்டைவிட முழங்கைக்குக் கெடுதல் வேறில்லை.

அதனால் திரும்பி வருகிற பெண்களுக்கு 270-லிருந்து 290 கிராம் வரை, ஆண்களுக்கு 285-லிருந்து 305 வரை பார்க்கச் சொல்வேன். நீ கல்லூரி அணியில் ஆடியவள், பேக்ஹேண்டுக்கு இரண்டு கையும் பிடிக்கிறவள். 280, 285-ல் தொடங்கு. ராக்கெட்டில் அச்சிட்டிருப்பது ஸ்ட்ரிங் இல்லாத எடை என்பதை மறக்காதே. ஸ்ட்ரிங் போட்டால் 15 கிராமுக்கு மேல் கூடும், மேலே சுற்றுகிற ஓவர்கிரிப் இன்னொரு ஐந்து கிராம். அச்சிட்ட எடையும் ஐந்தாறு கிராம் முன்னே பின்னே இருக்கும். இரவல் வாங்கி ஆடியது பிடித்துப்போனால் அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள். பிறகு புதிது வாங்கும்போது அந்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. வழக்கமான ராக்கெட் நீளம் 68.5 சென்டிமீட்டர், நட்ட நடு 34.25. ஒரு ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி அதன் விளிம்பில் ராக்கெட்டைக் கிடத்தி, அது எங்கே சமநிலையில் நிற்கிறது என்று அடிப்பகுதியிலிருந்து அள. ஸ்ட்ரிங் இல்லாமல் 32-லிருந்து 33-க்குள் நின்றால் பளு கைப்பக்கம் இருக்கிறது. நெட் பக்கத்தில் வாலி ஆடும்போது சட்டென்று திருப்பலாம். 34-ஐத் தாண்டினால் தலைப்பக்கம் கனம், சுத்தியலைத் தூக்குகிற மாதிரி. மிக லேசான ராக்கெட்டுகளில் பந்துக்கு வேகம் வருவதற்காகத் தலைப்பக்கம்தான் கனம் வைக்கிறார்கள். இரட்டையர் ஆட்டம்தான் அதிகம் ஆடப் போகிறாய் என்றால் அதைத் தவிர்.

இரண்டு எடைக்கு நடுவே மனசு ஊசலாடினால் குறைந்ததை எடு. பிறகு கனம் வேண்டுமென்றால் தலையின் இரண்டு பக்கமும், கடிகாரத்தில் 3-ம் 9-ம் இருக்கிற இடத்தில், இரண்டு இரண்டு கிராம் ஈயப் பட்டை ஒட்டிக்கொள்ளலாம். கூட இருப்பதைக் குறைக்க வழியில்லை.

தலையின் அளவு பற்றி நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். பெரிய தலை வயதானவர்களுக்கு என்று நம் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. மர ராக்கெட் காலத்தில் தலை 65, 70 சதுர அங்குலம்தான். 1976-ல் ஹோவர்ட் ஹெட் 110 சதுர அங்குலத்தில் பிரின்ஸ் ராக்கெட்டைக் கொண்டுவந்தபோது பலர் சிரித்தார்கள். இரண்டே வருஷத்தில் பாம் ஷ்ரைவர் என்ற 16 வயதுப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு யுஎஸ் ஓப்பன் இறுதிப் போட்டிக்கு வந்தாள். ஆகாசி ஆடியது 107-ல். செரீனா 104-ல். ஃபெடரரே 90 அங்குலத் தலையைப் பல வருஷம் விடாமல் வைத்திருந்து, 2014-ல் 97-க்கு மாறினார். 2017-ல் 35 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றது அந்தப் பெரிய தலையோடுதான். அவருக்கே மாற வேண்டியிருந்தது, கண்ணு. நீ 100-க்குக் கீழே போகாதே. 100-லிருந்து 105 வரை எதுவும் சரி. பந்து நடுவில் படாமல் ஓரத்தில் படுகிற நாட்கள் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். அப்போதும் பந்து நெட்டைத் தாண்ட வேண்டும்.

ஃப்ரேம் எவ்வளவு விறைப்பு என்பதற்கு ஆர்ஏ என்று ஓர் எண் உண்டு. ராக்கெட்டில் பெரும்பாலும் அச்சிட்டிருக்காது, கடைக்காரரிடம் கேள். 65-க்குக் கீழே இருந்தால் கைக்கு இதம். பாபோலா பியூர் டிரைவ் 70-ஐ ஒட்டி இருக்கும்: பந்து பறக்கும், கைக்கு அதிர்வும் வரும். வில்சன் கிளாஷ் 55-ஐ ஒட்டி, நன்றாக வளைந்து கொடுக்கும். ஏற்கெனவே முழங்கை வலி கண்டவர்கள் முதலில் கிளாஷைத்தான் ஆடிப் பார்க்க வேண்டும் என்பேன். பார்க்க வேண்டிய பெயர்கள் என்று கேட்டால் கிளாஷ் 100எல் 280 கிராம், யோனெக்ஸ் ஈஸோன் 100எல் 285, பியூர் டிரைவ் டீம் 285. இந்த மூன்றையும் தொட்டுவிட்டால் உனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று கையே சொல்லிவிடும். பெயருக்குப் பின்னால் வருகிற 'எல்', 'டீம்', 'லைட்' போன்ற ஒட்டைக் கவனி. ஒரே நிறத்தில், ஒரே பெயரில் மூன்று நான்கு எடைகள் இருக்கும், கடையில் மாறிப்போகும்.

கைப்பிடியின் சுற்றளவு நம்மூரில் சின்னதாக எல்1, எல்2, எல்3 என்று எழுதியிருக்கும். எல்2 என்பது 4¼ அங்குலம். ஃபோர்ஹேண்டுக்குப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொள். விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவே இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் கச்சிதமாகப் படுக்க வேண்டும். விரல் நுழையாவிட்டால் பிடி சின்னது, விரல் போயும் இடம் மிச்சமிருந்தால் பெரியது. சந்தேகமென்றால் சின்னதையே வாங்கு. ஓர் ஓவர்கிரிப் சுற்றினால் பாதி அளவு கூடிவிடும்.

இனி ஆடிப் பார்க்கிற விஷயம். இதில் மட்டும் அவசரப்படாதே. நம் ஊர்களில் ஆடிப் பார்க்க ராக்கெட் தருகிற கடைகள் குறைவு. கிளப் மார்க்கரிடம் கேள், கோச்சிடம் கேள், கூட ஆடுகிறவர்களிடம் ஒரு மணி நேரம் மாற்றிக்கொள். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம், எல்லாம் குழம்பிவிடும். புது டப்பா பந்து உடைத்து ஆடு. செத்த பந்தில் எல்லா ராக்கெட்டும் மரக்கட்டைதான். அதில் என்ன ஸ்ட்ரிங், போட்டு எத்தனை மாதம் என்றும் கேட்டு வைத்துக்கொள். இல்லாவிட்டால் ஸ்ட்ரிங்கின் குறையை ராக்கெட் மேல் போட்டுவிடுவாய்.

முதல் பத்து நிமிஷத்தில் எந்தப் புது ராக்கெட்டும் மயக்கும். கடைசி அரை மணி நேரத்தை வைத்து முடிவு செய். நன்றாக விழுந்த ஒரு ஃபோர்ஹேண்டைப் பார்க்காதே. சரியாகப் படாத பந்துகள் எங்கே போய் விழுந்தன என்று பார். அவை கோட்டுக்குள்ளேயே, கொஞ்சம் குறைவாக விழுந்திருந்தால் அது உன் ராக்கெட். சர்வீஸை எடுக்கும்போது தலை திருகுகிறதா, களைத்த பிறகு இரண்டாவது சர்வீஸ் நெட்டைத் தாண்டுகிறதா, இவை இரண்டும் முக்கியம். மறுநாள் காலையில் தண்ணீர் நிறைந்த சொம்பை, உள்ளங்கை கீழே பார்க்க, வாயோரத்தில் பிடித்துத் தூக்கிப் பார். முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றால் அந்த ராக்கெட்டையோ அதன் ஸ்ட்ரிங்கையோ சந்தேகப்படு. வலி இரண்டு வாரமாகியும் விடாவிட்டால் பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டு ஆடு.

புதுசே வேண்டும் என்றில்லை. கம்பெனிகள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயரில் புது மாடல் விடுகின்றன, அப்போது முந்தைய மாடல் விலை இறங்கும். நம் அளவு ஆட்டத்துக்கு வித்தியாசம் பெரும்பாலும் பெயின்ட்தான். நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் மட்டும் விலகு, போலிகள் நிறைய உலவுகின்றன.

ராக்கெட்டுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியையாவது ஸ்ட்ரிங்குக்குக் கொடு, அதுதானே பந்தைத் தொடுகிறது. 1997-ல் குயெர்டன் லக்சிலான் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கோடு பிரெஞ்சு ஓப்பனை வென்ற பிறகு எல்லோரும் பாலிக்குப் போனார்கள். ஸ்ட்ரிங் போடுகிறவரும் "பாலி போட்டுடவா, அறுகாது" என்பார். வேண்டாம் என்று சொல். பாலி விறைப்பானது, முழு வேகத்தில் சுழற்றி அடிக்கிறவர்களுக்குத்தான் அது சுழற்சி கொடுக்கும். பத்து இருபது மணி நேர ஆட்டத்தில் செத்துவிடும், அறுகாததால் அது தெரியவும் தெரியாது. செத்த பாலியில் மாதக்கணக்கில் ஆடி முழங்கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஒவ்வொரு கிளப்பிலும் இருக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. நீ மல்டிஃபிலமென்ட் கேள். விலை தாங்காது என்றால் சிந்தெடிக் கட் போதும்.

"எத்தனை பவுண்டு?" என்று அவர் கேட்பார். ஃப்ரேமிலேயே 50-லிருந்து 59 என்பது போல அளவு அச்சிட்டிருக்கும். அதன் நடுவைவிட இரண்டு பவுண்டு குறைத்துச் சொல், சுமார் 52. தளர்வாக இருந்தால் பந்து எளிதாக ஆழமாகப் போகும், கைக்கும் சுகம். பந்து கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் அடுத்த முறை இரண்டு கூட்டு. வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறாயோ, வருஷத்துக்கு அத்தனை முறையாவது மாற்று என்பது பழைய கணக்கு. மண் கோர்ட்டில் ஆடினால் புழுதி ஸ்ட்ரிங்கை ராவி எடுக்கும், இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டி வரும்.

நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தனியாக ஏற்பாடு வேண்டும். உனக்குக் கை நனைந்து போகும் என்பதால் ஒட்டுகிற ரக ஓவர்கிரிப் வேண்டாம்; டூர்னா கிரிப் மாதிரி வெளிர் நீலத்தில் வருகிற உலர்ந்த ரகம் வாங்கு, ஈரம் பட்டால் பிடிமானம் கூடும். வழுக்க ஆரம்பித்ததுமே மாற்று. வழுக்குகிற பிடியை இறுக்கிப் பிடிப்பதும் முழங்கைக்குத்தான் போகும். மே மாத வெயிலில் காருக்குள் ராக்கெட்டை விட்டுவிட்டு ஆபீஸ் போகாதே, ஸ்ட்ரிங் தளர்ந்துவிடும். ஒவ்வொரு முறை ஸ்ட்ரிங் போட்டதும் சின்ன வெள்ளை டேப்பில் தேதி, ஸ்ட்ரிங் பெயர், பவுண்டு மூன்றையும் எழுதி ராக்கெட்டின் கழுத்தின் உள்பக்கம் ஒட்டி வை. அடுத்த தடவை கடைக்காரர் கேட்டால் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.