எரிமலை தங்கம் தரவில்லை, மகளே

பெண்டிகோ

அன்பு மகளே,

பல்லாரட் பொன்வயல்களைப் பற்றி நீ எழுதிய நீண்ட கட்டுரையைப் படித்தேன். மாதம் முப்பது ஷில்லிங் உரிமச் சீட்டு, 1854 டிசம்பர் 3 விடியற்காலையில் அதை எதிர்த்த பொன்தோண்டிகளுக்கும் படைக்கும் யுரேகாவில் நடந்த மோதல், ஆஸ்திரேலியாவில் முதலில் தங்கம் கண்டவர் என்று ஹார்கிரேவ்ஸ் தட்டிச் சென்ற புகழில் லிஸ்டருக்கும் டாம் சகோதரர்களுக்கும் சேர வேண்டிய பங்கு என எல்லாம் சரியாக இருக்கிறது. நம் இருவருக்கும் தெரிந்ததை நான் மறுபடி பேசப் போவதில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது மூன்றாம் பத்தியில் வரும் ஒரு வாக்கியம். பனின்யாங் மலையும் வாரன்ஹீப் மலையும் கக்கிய நெருப்புக் குழம்போடு பூமியின் அடியிலிருந்து தங்கமும் மேலே வந்தது என்று எழுதியிருக்கிறாய்.

வரவில்லை, அம்மா. ஒரு குன்றிமணி எடைகூட அந்த எரிமலைகளால் வரவில்லை.

பனின்யாங் மலையேறிச் சுற்றிலும் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். எரிமலையும் தங்கமும் ஒரே ஊரில் இருந்தால் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். ஆனால் எழுதுகிறவள் காலத்தைக் கேட்டிருக்க வேண்டும். இந்த மண்ணின் அடிப்பாறை, சுமார் 47, 48 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலின் தரையில் படிந்த சேறும் மணலும். பக்கவாட்டு அழுத்தத்தில் அவை நெளிந்து மடிந்தன. சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த மடிப்புகளின் வெடிப்புகள் வழியே சூடான நீர் ஏறி, குவார்ட்ஸையும் தங்கத்தையும் விட்டுச் சென்றது. பிறகு மலைகள் தேய்ந்தன, ஆறுகள் ஓடின, தங்கம் அரிபட்டு வந்த கூழாங்கல்லோடு ஆற்றுப் படுகைகளில் தங்கியது. நீ சொல்லும் நெருப்புக் குழம்பு வந்தது கடந்த 50 லட்சம் ஆண்டுகளுக்குள். தங்கத்தின் வயது அதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. எரிமலை செய்தது ஒன்றே ஒன்று: அது பள்ளத்தாக்குகளில் வழிந்து நிரம்பி, ஆறுகளைத் தங்கத்தோடு மூடிப் புதைத்தது.

இதில் இவ்வளவு கோபம் எதற்கு என்று நீ நினைக்கலாம். காரணம் உன் கட்டுரையிலேயே இருக்கிறது. கிரெஸ்விக் பற்றி நீ எழுதிய பகுதி, ஆஸ்திரேலியப் பொன்வயல்களைப் பற்றித் தமிழில் நான் படித்தவற்றிலேயே ஆகச் சிறந்தது. 1882 டிசம்பர் 12 விடியலில் நியூ ஆஸ்ட்ரலேஷியன் சுரங்கத்தில், பழைய குடைவில் தேங்கிக் கிடந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்ததும், 27 பேர் உள்ளே சிக்கியதும், தகரக் குவளைகளில் அவர்கள் வீட்டாருக்குச் செய்தி கீறியதும், மூன்றாம் நாள் ஐந்து பேர் உயிரோடு வந்ததும், 22 பேர் சடலமாக வந்ததும் உன் பேனாவில் அழுகையில்லாமல் வருகின்றன. மேலே நின்ற பெண்களைப் பற்றி நான்கே வரிகள்தான் எழுதியிருக்கிறாய். அந்த நான்கு வரிகளை எழுத முடியாமல் முதுமை அடைந்தவர்கள் எங்கள் தலைமுறையில் பலர்.

ஆனால், ஆறு புதைந்தது எப்படி என்பது உனக்குத் தெரியாததால், அந்தச் சாவுகளின் காரணமும் வாசகருக்குத் தெரியாமல் போய்விட்டது. அவர்கள் தோண்டியது எரிமலைப் பாறைக்கு அடியில் கிடந்த ஒரு பழைய ஆற்றை. பசால்ட்டைத் துளைத்து, ஆற்றுப் படுகைக்கும் கீழே உறுதியான அடிப்பாறைக்குள் ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியை இறக்குவார்கள். அங்கிருந்து படுகையின் கீழாகக் குடைவு வெட்டிச் சென்று, இடையிடையே மேல்நோக்கித் திறந்து, கூழாங்கல்லை இறக்குவார்கள். மேல்நோக்கிய அந்தத் திறப்புக்கு ‘ஜம்ப்-அப்’ என்று பெயர். புதைந்த ஆறு என்றாலும் அது ஆறுதான். கல்லுக்குள் தண்ணீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும், பம்பு இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்கும். வெள்ளம் ஏறியபோது அந்த 27 பேரும் ஏறி ஒண்டிக்கொண்டது அப்படிப்பட்ட ஒரு ஜம்ப்-அப்பில். நீ வெறுமனே ‘உயரமான ஓரிடம்’ என்று எழுதியிருக்கிறாய். எரிமலை, ஆறு, குடைவு என்ற வரிசையை முன்பே சொல்லியிருந்தால், அந்த இடம் எதற்காக அங்கே இருந்தது என்பது வாசகருக்கு விளங்கியிருக்கும்.

இரண்டாவது குறை ‘அதிர்ஷ்டம்’. கட்டுரை முழுக்க அந்தச் சொல் இறைந்து கிடக்கிறது. மொலியாகல் அருகே 1869 பிப்ரவரி 5ஆம் நாள் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் கண்டெடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டிக்கு நான்கு பத்தி ஒதுக்கியிருக்கிறாய். எழுபது கிலோவுக்கு மேல் சுத்தத் தங்கம், மண்ணுக்கு ஓர் அங்குல ஆழத்தில், ஒரு மரத்தின் வேரருகே; டனோலியில் நிறுத்துப் பார்க்க அவ்வளவு பெரிய தராசு இல்லாமல் பட்டடையில் வைத்து உடைத்தார்கள். நல்ல கதைதான். ஆனால் அந்த இருவரும் பல ஆண்டுகளாக அதே நிலத்தில் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் என்பது உன் நான்கு பத்தியில் எங்குமே இல்லை.

பல்லாரட்டின் கிழக்குப் பக்கத்தில் கட்டிகள் ஏன் அத்தனை கிடைத்தன என்று நீ கேட்கவே இல்லை. அங்கே செங்குத்தாக நிற்கும் ஸ்லேட் அடுக்குகளுக்கு நடுவில், கரியும் பைரைட்டும் கலந்த மெல்லிய கறுப்பு அடுக்கு ஒன்று உண்டு. விரல் தடிமன்கூட இருக்காது. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் அறுபடாமல் போகும். தொழிலாளர்கள் அதை ‘இண்டிகேட்டர்’ என்றார்கள். குவார்ட்ஸ் நரம்பு எங்கே அந்தக் கறுப்பு அடுக்கை வெட்டிச் செல்கிறதோ, அங்கே தங்கம் திரண்டிருக்கும். சில கை தூரம் தள்ளிப் போனால் அதே குவார்ட்ஸ் வெறும் கல். சூடான நீர் தங்கத்தைக் கந்தகத்தோடு சேர்த்துத்தான் சுமந்து வருகிறது. கரியையும் இரும்பையும் சந்திக்கும் இடத்தில் கந்தகம் பிரிந்துபோக, தங்கம் கரைந்திருக்க முடியாமல் விழுந்துவிடுகிறது. வேதியியல் தெரியாத மனிதர்கள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக் கோட்டைக் கையால் தடவித் தடவிப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் பாறையைப் படித்தவர்கள். அவர்கள் கற்ற கல்விக்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தால் எனக்கு வலிக்கிறது.

பாறையைப் படிப்பதென்றால், நான் கிராப்டோலைட்டுகளைப் பேசாமல் விடமாட்டேன். இங்கே என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள், நீயும் கேள். ஸ்லேட்டைப் பிளந்தால் ஓரங்களில் பல் வெட்டிய மெல்லிய கோடுகள் தெரியும். அந்தப் பழங்கடலில் மிதந்து திரிந்த சிற்றுயிர்களின் எச்சம் அவை. வேகமாக உருமாறிய இனம் என்பதால், எந்த உருவம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்தே அடுக்கின் வயதைச் சொல்லிவிடலாம். காசில்மெய்ன் சுரங்கப் பள்ளியில் இருந்த டி. எஸ். ஹால் 1890களில் அவற்றை வரிசைப்படுத்தினார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் ஸ்லேட்டில் எங்கே மடிப்பு, எங்கே பிளவு என்று கண்டுபிடிக்க அந்த வரிசைதான் வழிகாட்டியது. பெண்டிகோனியன், காசில்மெய்னியன் என்று இந்த ஊர்களின் பெயரையே அந்தக் காலப் பகுதிகளுக்கு வைத்தார்கள். ஜீலாங் பக்கத்தில் டேரிவில் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் பெயரால் அமைந்த டேரிவிலியன் இன்று உலகமே ஏற்றுக்கொண்ட ஒரு காலப் பகுதி. சீனாவிலும் நார்வேயிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாறைக்கு வயது குறிக்கிறார்கள். உன் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை. ராணிக்குப் பரிசாகப் போன தங்கத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது.

நான் இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் 1870களில் தங்கம் தேடிய அதே கோலாரில், மாரிகுப்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் பாட்டனார் வடாற்காட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர். அப்பா சாம்பியன் ரீஃப்பில் டிரில் மிஷின் பிடித்தவர். இரவில் திடீரென்று வீடு குலுங்கிப் பாத்திரம் உருளும். அம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டு, “ஏர் பிளாஸ்ட்டு, எந்த லெவலோ” என்பாள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதற்கு அங்கே அந்தப் பெயர். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதும்வரை தெருவில் எவரும் உறங்கமாட்டார்கள். நான் சர்வே பிரிவில் சேர்ந்தபோது, முதல் நாள் கீழே இறங்கியதும் தங்கம் எங்கே என்றுதான் கண்கள் தேடின. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “ரெண்டு பக்கச் சுவரைப் பாருடா முதல்ல. ரீஃப்பு தானா வரும்” என்றார். ரீஃப்பு என்றால் தங்கம் இருக்கும் குவார்ட்ஸ் நரம்பு. அங்கே பாறை 250 கோடி ஆண்டுகளுக்கும் மேலான பழமை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லிப் பாறையும் அதே யுகத்தது. தங்கம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அப்பா வாழ்நாள் முழுக்கத் தங்கம் வெட்டினார்; கடைசிக் காலத்தில் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்.

ஆகையால், பெண்டிகோவுக்குக் குடிவந்து இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றி மருத்துவர் வால்டர் சம்மன்ஸ் 1907இல் எழுதிய அறிக்கையைப் படித்தபோது, அது எனக்குப் புதிய செய்தியாக இல்லை. அழுத்தக் காற்றில் ஓடும் துளைப்பொறி, அது கிளப்பும் குவார்ட்ஸ் தூசு, நுரையீரல் கல்லாவது, அதன்மேல் காசநோய் தொற்றுவது. கார்ன்வாலிலிருந்து பெண்டிகோவுக்கு வந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். கோலாருக்கும் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள். இரண்டு ஊர்களிலும் தூசு ஒன்றுதான்.

நீயோ, வெல்கம் ஸ்ட்ரேஞ்சரையும் கிரெஸ்விக்கையும் தவிர்த்தால், தொழிலாளரின் கதையை 1854இல் முடித்துவிடுகிறாய். எல்லோரும் அங்கேதான் முடிக்கிறார்கள். கொடி, துப்பாக்கி, வெற்றி, பிறகு திரை. அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் இங்கே சுரங்கம் நடந்தது, அம்மா! சட்டியும் மண்வெட்டியுமாக வந்தவன் கூலித் தொழிலாளியாக மாறியது அந்த நூறு ஆண்டுகளில்தான். அந்த மாற்றத்துக்குக் காரணமும் பாறைதான். ஒரு தடித்த கணக்கு நோட்டை வளைத்துப் பார். வளைவின் உச்சியில் தாளுக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விழும். பெண்டிகோவில் மடிந்த அடுக்குகளின் உச்சியில் அப்படி விழுந்த இடைவெளிகளில் குவார்ட்ஸ் சேண வடிவில் நிரம்பியிருக்கிறது. ஒன்றின் கீழ் ஒன்றாக, ஆழத்துக்கு ஆழம். நியூ சம், கார்டன் கல்லி, ஹஸ்லர்ஸ் என்று இணைகோடுகளாக ஊரை ஊடறுத்துப் போகும் மடிப்பு வரிசைகள் இவை.

லண்டனில் இருந்த ராடரிக் மர்ச்சிசன், ஆழம் போகப் போகத் தங்கம் அற்றுவிடும் என்று உறுதியாகச் சொன்னார். நிலவியலின் பெரிய தலை அவர். அவர் சொல்லை நம்பி முதலாளிகள் தயங்கினார்கள். சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்ற ஜார்ஜ் லான்செல் நம்பவில்லை. ஒரு சேணத்துக்குக் கீழே இன்னொரு சேணம் இருக்கும் என்று பணத்தைக் கொட்டி இறங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா குவார்ட்ஸ் சுரங்கம் 1,400 மீட்டரையும் தாண்டியது. இவ்வளவு ஆழம் தனி மனிதனால் ஆகாது. கம்பெனி வேண்டும், பங்கு வேண்டும், கூலிக்கு ஆள் வேண்டும். யுரேகாவில் துப்பாக்கி தூக்கியவனின் பேரன், மணிக்கணக்கில் தூசைக் குடித்துக் கூலி வாங்கினான். இந்தக் கதையை எழுதினால்தான் யுரேகாவுக்கே பொருள் முழுமையாகும் என்பது என் கட்சி.

சேற்றைப் பற்றியும் எழுது. குதிரை பூட்டிய செக்குகளில் களிமண்ணைக் கலக்கிக் கழுவி விட்ட சேறு ஓடைகளை மூடி, வயல்களில் பரவி, 1859லேயே அரசு விசாரணைக் குழு வைக்கும் அளவுக்குப் போனது. இந்த நிலத்துக்கு உரிய ஜாஜா வுருங் மக்கள் இதைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட நாடு என்கிறார்கள். உன் கட்டுரையில் அவர்கள் முதல் பத்தியில் வந்து, இரண்டாம் பத்தியில் காணாமல் போகிறார்கள். நிலம் புரளும்போது அவர்கள் இங்கேதான் இருந்தார்கள்.

காசில்மெய்னுக்கு ஒருநாள் போய்வா. லிட்டில்டன் தெருவில், சாலை வெட்டும்போது வெளிப்பட்ட ஒரு பாறை மடிப்பை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஓர் ஆள் உயரத்தில் வில்லாக வளைந்து நிற்கும் அடுக்குகளை வேலியருகே நின்றே பார்க்கலாம். குறிப்பேட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் பார். பிறகு ஊரின் பழைய கழிவுக் குவியல்கள் பக்கம் நடந்து, ஸ்லேட் துண்டுகளைப் புரட்டிப் பார். எடுத்துவராதே, பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வை.

புத்தகமாக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் பத்தியை அடித்துவிடு. வெல்கம் ஸ்ட்ரேஞ்சரை ஒரு பத்தியில் அடக்கு. மிஞ்சும் இடத்தில் 1854க்குப் பிந்தைய நூறு ஆண்டுகளை எழுது. சுரங்கப் படங்களும் அளவைத் தாள்களும் படிக்க உதவி வேண்டுமென்றால் நான் வருகிறேன். கிரெஸ்விக் பகுதியில் ‘உயரமான ஓரிடம்’ என்பதை மட்டும் திருத்து; மற்றபடி அங்கே எவர் சொன்னாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றாதே.

அன்புடன்,
மாரிகுப்பத்துப் பெரியவன்